வேலையோடு ஒன்லைனில் மனநலப் பட்டப்பின் டிப்ளோமா: கொழும்பிலிருந்து செய்தவர்கள் யாரும் இருக்கிறீர்களா?

கடலோரம்:

வணக்கம். கொழும்பு வடக்கில் ஒரு தமிழ் மொழிமூலப் பாடசாலையில் ஒன்பது வருடமாகப் படிப்பிக்கிறேன், தரம் 6 முதல் 9 வரை, வரலாறும் குடியியலும். பட்டம் சமூகவியல். ஒன்லைனில் மனநலச் சேவை சம்பந்தமான ஒரு பட்டப்பின் டிப்ளோமா செய்வோமா என்று ஆறு மாதமாக யோசிக்கிறேன், முன்னுக்கும் போகவில்லை பின்னுக்கும் போகவில்லை, அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

ஏன் செய்ய ஆசை என்று சொன்னால்தான் நீங்கள் சரியான பதில் சொல்வீர்கள். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் அன்று, கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் குண்டு வெடித்தது எல்லோருக்கும் தெரியும். பாடசாலை திரும்பத் திறந்தபோது என் வகுப்பில் ஒரு பிள்ளை முதல் வரிசையில் இருந்து பென்சில் தீட்டிக்கொண்டே இருந்தாள், ஒன்று முடிய இன்னொன்றை எடுத்தாள், மேசை முழுக்கச் சீவல். அவளுடைய சித்தி அந்தக் கோவிலில்தான் இறந்தார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. பக்கத்தில் போய் நின்றேன், தலையைத் தடவினேன், பிறகு பாடத்தை ஆரம்பித்துவிட்டேன். அதை நான் இன்னும் மறக்கவில்லை.

அதற்குப் பிறகு கொவிட், 2022 நெருக்கடி, தாயோ தகப்பனோ வெளிநாடு போன வீடுகள். ஒவ்வொரு கிழமையும் யாராவது ஒரு பிள்ளை தலையிடி, வயிற்றுவலி என்று வந்து நிற்கும், டொக்டரிடம் காட்டினால் ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிடுவார்கள். தாய்மார் பின்னேரம் கேற்றடியில் நின்று "டீச்சர், ஒரு விஷயம் கதைக்க வேணும்" என்பார்கள். நானும் கேட்டுக்கொண்டு நிற்பேன். கேட்கத் தெரிந்த அளவுக்கு எனக்கு வேறு எதுவும் செய்யத் தெரியாது.

அம்மா என்னோடு வெள்ளவத்தையில் இருக்கிறார், நீரிழிவு, கால் புண், அவரை விட்டுவிட்டு எங்கேயும் போய்ப் படிக்க முடியாது. அதனால்தான் ஒன்லைன். இங்கிலாந்துப் படிப்பு ஒன்றும் அவுஸ்திரேலியப் படிப்பு ஒன்றும் பார்த்து வைத்திருக்கிறேன், இந்தியாவிலும் தேடுகிறேன், அங்கே கட்டணம் குறைவு. முடித்த பிறகு நான் ஆட்களைப் பார்க்கலாமா, இங்கே அதை ஏற்றுக்கொள்வார்களா, செயல்முறைப் பயிற்சியை எங்கே செய்வது, அப்புறம் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் படித்துவிட்டு கொட்டாஞ்சேனை அம்மா ஒருவரோடு தமிழில் கதைக்கும்போது அது கைகொடுக்குமா? செய்தவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

இரவு விளக்கு:

டீச்சர், நான் இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் பகுதிநேரமாக, முழுக்க ஒன்லைனில், பட்டப்பின் டிப்ளோமா செய்து முடித்தவள். பகலில் கொழும்பில் உளசமூக வேலை செய்யும் ஒரு நிறுவனத்தில் இருந்தேன், இப்போதும் அங்கேதான். பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லவில்லை, சில விஷயங்களில் எனக்கு மனக்குறை உண்டு.

முதலில் நேரம். இங்கிலாந்தில் பட்டப்பின் டிப்ளோமா என்றால் 120 கிரெடிட், ஒரு கிரெடிட்டுக்குப் பத்து மணித்தியாலப் படிப்பு என்று கணக்கு, ஆக 1200 மணித்தியாலம். இரண்டு வருடத்தில் முடிக்க நினைத்தால் கிழமைக்குப் பன்னிரண்டு மணித்தியாலம் வேண்டும். விளம்பரத்தில் "உங்கள் வசதிக்கேற்ப" என்று போடுவார்கள், ஆனால் நேரடி வகுப்பு அங்கே மாலை ஆறு மணிக்கு என்றால் இங்கே கோடையில் இரவு பத்தரை, குளிர்காலத்தில் பதினொன்றரை. ஒன்றரை மணித்தியாலம் வகுப்பு, பிறகு தூக்கம் வராது, காலையில் பாடசாலை. ரெக்கோடிங் பார்க்கலாம்தான், ஆனால் சோடி சேர்ந்து பயிற்சி செய்கிற வகுப்புக்கு ரெக்கோடிங் பிரயோசனம் இல்லை. அவுஸ்திரேலியா என்றால் வேறு தொல்லை, மெல்பேர்னில் மாலை ஆறு என்பது இங்கே பின்னேரம் ஒன்றரை, அங்கே கோடை நேரம் மாறினால் பன்னிரண்டரை. உங்கள் பாடசாலை மணி அடிக்கிற நேரம்.

காசைப் பற்றி ஒரு விஷயம். நான் சேரும்போது ரூபாயில் கணக்குப் பார்த்துத்தான் சேர்ந்தேன். 2022இல் டொலர் இருநூறிலிருந்து முந்நூற்று அறுபதுக்குப் போனது, பவுணும் கூடவே ஏறியது, இரண்டாம் வருடக் கட்டணம் என் கணக்கில் இல்லாத தொகையாகிவிட்டது. அம்மாவின் சங்கிலியை அடகு வைத்தேன். மார்ச் கடைசியில் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லாத நாளில் ஒப்படை அனுப்ப வேண்டியிருந்தது, போனில் இருந்த டேட்டாவில் அனுப்பினேன். காலக்கெடு நீட்டிக் கேட்டு எழுதியபோது, வைத்தியச் சான்றிதழ் கேட்டார்கள். அது எனக்கு இன்னும் வலிக்கிறது. கட்டணத்தைத் தவணையாகக் கட்டலாமா, நடுவில் ஒரு பருவம் நிறுத்தி வைக்கலாமா என்று சேர முதலே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இனிப் பாடம். சட்டப் பகுதி முழுக்க இங்கிலாந்தின் 1983ஆம் ஆண்டு மனநலச் சட்டம், அதன் இரண்டாம் பிரிவில் ஒருவரை 28 நாள் வரை மதிப்பீட்டுக்காக வைத்தியசாலையில் வைத்திருக்கலாம் என்பதுபோல. அதைப் படிக்கும்போது எங்கள் சட்டம் என்னவென்று தேடினேன். 1873இல் வெள்ளைக்காரன் போட்ட பைத்தியக்காரர் கட்டளைச் சட்டம், 1956இல் திருத்தியது, அதுதான் இன்னும் அடிப்படை. அந்த இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒரு ஒப்படை எழுதினேன், அதற்குத்தான் எனக்கு மிகக் கூடிய புள்ளி வந்தது. இன்னொரு தடவை தற்கொலைத் தடுப்புக்கு உதாரணம் எழுதச் சொன்னார்கள். 1995இல் இலங்கையில் ஒரு லட்சம் பேருக்குச் சுமார் 47 தற்கொலைகள், உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்று. கொடிய பூச்சிகொல்லிகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தடை செய்த பிறகு அது பெருமளவு குறைந்தது. அதை எழுதினேன், விரிவுரையாளர் வகுப்பில் என்னையே விளக்கச் சொன்னார். ஆகவே பாடம் அந்நியமாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம், எங்கள் நாட்டுச் செய்தியை அதற்குள்ளே கொண்டுபோனால் ஏற்றுக்கொள்கிறார்கள். யாழ்ப்பாணத்துப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் வடக்கின் கூட்டு மனவடு பற்றி எழுதிய கட்டுரை 2007இல் வந்தது, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். அதை நான் எத்தனை ஒப்படையில் பயன்படுத்தினேன் என்று கணக்கில்லை.

எனக்கு மிகக் கஷ்டமாக இருந்தது மொழி. ஒருவரோடு நடந்த உரையாடலை வரிக்கு வரி எழுதி, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் நான் என்ன நினைத்தேன், ஏன் அப்படிக் கேட்டேன் என்று எழுத வேண்டும். உரையாடல் நடந்தது தமிழில், கொடுக்க வேண்டியது ஆங்கிலத்தில். ஒரு அம்மா "எனக்கு மனம் விட்டுப் போச்சு பிள்ளை" என்றார். அந்த ஒரு வரிக்கு அரை இரவு இருந்தேன். நம்பிக்கை போய்விட்டது என்று எழுதினால் தற்கொலை எண்ணம் பற்றி ஏன் கேட்கவில்லை என்று கேட்பார்கள். பிடிப்பு போய்விட்டது என்று எழுதினால் அவர் புருஷனைப் பற்றிச் சொன்னது விடுபட்டுவிடும். கடைசியில் தமிழ் வரியை அப்படியே போட்டுக் கீழே நாலு வரி விளக்கம் எழுதினேன். மேற்பார்வை செய்தவர் நல்லவர், ஆனால் அவருக்குத் தமிழ் தெரியாது, ஆகவே அவர் திருத்தியது என் மொழிபெயர்ப்பைத்தான். நான் அந்த அம்மாவிடம் கேட்ட விதம் சரியா என்று சொல்ல யாரும் இருக்கவில்லை. இரண்டாம் வருடம் எங்கள் நிறுவனத்தின் மூத்த அக்கா ஒருவரிடம் மாதம் இரண்டு தடவை தமிழில் மேற்பார்வை கேட்டு வாங்கினேன். படிப்பு எனக்குள் இறங்கியது அதற்குப் பிறகுதான்.

மருதமுனையான்:

சலாம் டீச்சர். நான் உயர்கல்வி நிர்வாகப் பக்கம் வேலை செய்கிறவன், ஆகவே கடதாசி விஷயத்தை மட்டும் சொல்கிறேன். இதில்தான் அதிகம் பேர் காசு கட்டிய பிறகு தலையில் கைவைக்கிறார்கள்.

மூன்று வேறு வேறு கேள்விகளை நீங்கள் ஒன்றாகக் கேட்கிறீர்கள். பல்கலைக்கழகம் அங்கீகரிக்கப்பட்டதா என்பது ஒன்று. அதற்கு வார்ட் பிளேஸில் இருக்கும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் கேட்க வேண்டும், வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் சர்வதேசப் பட்டியல்களில் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வார்கள். சேர முதல் கேளுங்கள். படிப்பின் மட்டம் என்ன என்பது இரண்டாவது. எங்கள் நாட்டுத் தகைமைச் சட்டகத்தில் பட்டப்பின் சான்றிதழ் மட்டம் 7, பட்டப்பின் டிப்ளோமா 8, அதற்கு மேலேதான் முதுமாணி. எங்கள் டிப்ளோமாவுக்குக் குறைந்தது 25 கிரெடிட் என்றால் மேலே தங்கச்சி சொன்ன 120ஐப் பார்த்து மலைக்க வேண்டாம், எங்களுடைய ஒரு கிரெடிட் ஐம்பது மணித்தியாலம், பெருக்கிப் பாருங்கள், கிட்டத்தட்ட ஒன்றுதான்.

மூன்றாவது கேள்விதான் பெரியது, முடித்த பிறகு ஆட்களைப் பார்க்கலாமா. டீச்சர், படிப்பின் பெயரில் "மனநலச் சேவை" என்று இருப்பதால் அது அனுமதிப்பத்திரம் ஆகிவிடாது. அவுஸ்திரேலியாவில் இந்த மாதிரிப் படிப்புகள் பெரும்பாலும் ஏற்கெனவே பதிவு பெற்ற தாதியர், சமூகப்பணியாளர்கள் இன்னும் ஒரு படி போவதற்காக வைத்திருப்பவை. அவர்களுக்குப் பதிவு முன்பே இருக்கிறது, படிப்பு அதற்கு மேல் வருகிறது. இங்கிலாந்தில், வேறு பட்டம் எடுத்தவர்கள் உளவியலுக்கு மாறுவதற்கென்று இருக்கிற மாற்றுப் படிப்பைச் செய்தால் அங்கத்தைய உளவியல் சங்கத்தில் சேரும் அடிப்படைத் தகுதி வரலாம், ஆனால் க்ளினிக்கல் சைக்கோலஜிஸ்ட் ஆவதற்கு அதற்குப் பிறகு கலாநிதிப் படிப்பும் வேறு பதிவும் வேண்டும். இங்கே க்ளினிக்கல் சைக்கோலஜிஸ்டாக வேலை செய்ய இலங்கை மருத்துவ சபைப் பதிவு வேண்டும். மனநல மருத்துவத்தில் பட்டப்பின் மருத்துவ நிறுவனம் நடத்தும் டிப்ளோமா டொக்டர்மாருக்கு மட்டும், அந்தப் பெயரைப் பார்த்து விண்ணப்பித்து ஏமாந்தவர்களை எனக்குத் தெரியும். உளவளத்துணையாளர், அதாவது கவுன்சிலர், என்ற பெயருக்கு இங்கே அப்படிச் சட்டப்படியான பதிவு இல்லை. அதனால் நாளைக்கே நீங்கள் பலகை போடலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். அதைச் சந்தோஷமான செய்தியாக எடுக்க வேண்டாம். தடுப்பார் இல்லாத இடத்தில் நாங்களே எங்களுக்கு எல்லை போட்டுக்கொள்ள வேண்டும்.

இந்தியாவைப் பற்றி அவசரமாக ஒன்று. அங்கத்தைய பல்கலைக்கழக மானியக் குழு, 2021ஆம் ஆண்டின் சுகாதாரத் தொழில்கள் சட்டத்தின் கீழ் வருகிற படிப்புகளைத் தொலைக்கல்வியிலும் ஒன்லைனிலும் நடத்தக்கூடாது என்று 2025இல் நிறுத்திவிட்டது, ஜூலை ஓகஸ்ட் 2025 பருவத்திலிருந்து. உளவியலும் அதில் அடக்கம். ஆகவே யாராவது முகவர் "இந்தியப் பல்கலைக்கழகம், ஒன்லைனில் உளவியல் முதுமாணி, இன்றைக்கே சேருங்கள்" என்று வட்ஸ்அப்பில் அனுப்பினால் அந்த அறிவித்தலைக் காட்டிக் கேளுங்கள்.

நெல்லியடி அன்ரி:

பிள்ளை, நான் பட்டம் ஒன்றும் எடுக்கவில்லை. பதினொரு வருடமாகத் தொலைபேசியில் தமிழில் கேட்கிற தொண்டராக இருக்கிறேன், இப்போது தெஹிவளையில் இருக்கிறேன். எங்கே என்று சொல்லவில்லை, தொண்டர்கள் தங்களைச் சொல்லிக்கொள்வதில்லை. படிப்பைப் பற்றி மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள், நான் சொற்களைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் நீ கடைசியில் கேட்ட கேள்வியைத்தான் நான் முதலில் வாசித்தேன்.

"எனக்கு மனச்சோர்வு" என்று சொல்லிக்கொண்டு ஒருவரும் போன் எடுப்பதில்லை. அது புத்தகச் சொல். சோர்வு என்றால் சனத்துக்கு உடம்பு அலுப்பு, நாலு நாள் படுத்தால் போகும், ஒரு சத்து மாத்திரை போட்டால் போகும். கொட்டாஞ்சேனைப் பக்கம் "மனசு சரியில்ல" என்பார்கள். யாழ்ப்பாணத்து ஆட்கள் "ஒரே யோசனையாக் கிடக்கு", "பதகளிப்பா இருக்கு", "நெஞ்சுக்குள்ள அடைக்குது" என்பார்கள். மட்டக்களப்பார் சொல்வது வேறு, மலையகத்தார் சொல்வது வேறு, முஸ்லிம் பிள்ளைகள் வேறு மாதிரிச் சொல்வார்கள். சிலர் செய்வினை என்பார்கள், அதை வெட்டிப் பேசக்கூடாது, யார் செய்ததாக நினைக்கிறீர்கள் என்று கேட்டால் வீட்டுக் கதை முழுக்க வந்துவிடும். தலையிடி என்று வருகிற உன்னுடைய பிள்ளைகளும் அப்படித்தான், அவர்களுக்கு உண்மையிலேயே தலை இடிக்கிறது, நடிக்கவில்லை.

நீ படிக்கப் போகிற படிப்பில் மனச்சோர்வை அளக்க ஒன்பது கேள்வி உள்ள ஒரு தாள் தருவார்கள், பீஎச்கியூ ஒன்பது என்று. 2001இல் அமெரிக்காவில் செய்தது, யாரும் காசில்லாமல் பாவிக்கலாம், தமிழிலும் உண்டு. நல்ல தாள்தான். ஆனால் அதைக் கையில் கொடுத்து நிரப்பச் சொன்னால் எங்கள் பெண்கள் எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று கோடு போட்டுவிட்டு, எழும்பிப் போகும்போது வாசலில் நின்று அழுவார்கள். கடைசிக் கேள்வி சாவைப் பற்றியது. அதைத் தமிழில் வாயால் கேட்கப் பழக எனக்கு ஒரு வருடம் பிடித்தது. "சாக வேணும் என்று நினைச்சதுண்டோ" என்று நேராகக் கேட்கலாம், கேட்டால் எண்ணம் வந்துவிடும் என்ற பயம் பிழை, கேட்டதும் பெருமூச்சு விடுகிறவர்கள்தான் அதிகம். ஆனால் அந்தக் கேள்வியை எப்போது, எந்தக் குரலில் என்று ஒரு கணனித் திரை உனக்குக் காட்டித் தராது, பக்கத்தில் இருந்து கேட்டுப் பழக வேணும்.

இன்னொன்று. தமிழில் நாங்கள் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்பதற்கு அடையாளம் "ம்". அந்த "ம்" நின்றால் எதிரே இருப்பவர் கதையை நிறுத்திவிடுவார். ஸூமில் வகுப்பு நடக்கும்போது மைக்கை மூடி வைக்கச் சொல்வார்களாம், என் மருமகள் சொன்னாள், அவளும் இப்படி ஒன்று படித்தாள். மைக் மூடியிருக்க அவள் தலையாட்டிக்கொண்டிருந்தாள், எதிர்ப்பக்கம் இருந்தவர் லைன் போய்விட்டது என்று நினைத்து "கேட்குதா, கேட்குதா" என்று கேட்டாராம். மௌனத்தோடு இருக்கப் பழகுவதுதான் இந்த வேலையில் பாதி. திரையில் மௌனம் வந்தால் எல்லோரும் இணைப்பைத்தான் பார்க்கிறார்கள்.

ஆகவே படி பிள்ளை, நான் மறிக்கவில்லை. படிக்கிற காலத்திலேயே ஒரு இடத்தில் தொண்டராகச் சேர். சுமித்ரயோ என்று, மனம் நொந்து, சாக நினைக்கிறவர்கள் சொல்வதைக் கேட்கிற ஒரு தொண்டு அமைப்பு 1974இலிருந்து கொழும்பில் இருக்கிறது, ஆளைப் பார்த்துத் தெரிந்து, பயிற்சி கொடுத்துத்தான் எடுப்பார்கள், தமிழ் பேசுகிற தொண்டர் எந்த இடத்துக்கும் தேவை. கிழமைக்கு மூன்று மணித்தியாலம் போதும். உன்னுடைய ஒப்படைகளை விட அது உனக்குச் சொல்லித் தரும்.

ஹட்டன் பனி:

நான் கொஞ்சம் மாறுபட்டுச் சொல்கிறேன், டீச்சர் கோபிக்க வேண்டாம். நான் பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உதவியாளர். 2020 முடக்கத்தின்போது வெளிநாட்டுச் சான்றிதழ் ஒன்று ஒன்லைனில் செய்தேன், முழுக்க வீடியோ, கடைசியில் சரியான விடையைத் தெரிவு செய்கிற பரீட்சை, 92 புள்ளி. அதன் பிறகு ஒரு அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார், மகளின் கையில் வெட்டுக் காயங்கள். எனக்கு அந்த 92 புள்ளியில் ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. நல்லவேளை மேலதிகாரி பக்கத்து அறையில் இருந்தார், அவர் வந்து உட்கார்ந்தார்.

அதனால் என் கருத்து, முதலில் இங்கேயே நேரில் ஒரு டிப்ளோமா. சீதுவையில் இருக்கும் தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகத்தில் சமூகப்பணிப் பட்டமும் உண்டு, உளவளத்துணை டிப்ளோமாவும் உண்டு. தூரம்தான், வெள்ளவத்தையிலிருந்து நீர்கொழும்பு ரோட்டால் போய் வர நாள் போய்விடும், அம்மாவின் நிலையும் விளங்குகிறது. முடியாவிட்டால், உங்கள் பாடசாலையில் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியர் யார் என்று பாருங்கள். அந்தப் பொறுப்பில் ஆள் இல்லாத, இருந்தாலும் பெயருக்கு மட்டும் இருக்கிற பாடசாலைகள் எத்தனையோ. அதிபரிடம் கேட்டு அந்தப் பொறுப்பை எடுங்கள், அதற்கான பயிற்சிகளுக்குப் பெயர் கொடுங்கள். செயல்முறைப் பயிற்சிக்கு இடம் தேடுகிற பிரச்சினை பாதி அதிலேயே தீரும், நீங்கள் ஏற்கெனவே நிற்கிற இடம் அது.

ஆனால் ஒரு எச்சரிக்கை. பாடம் எடுக்கிறவரும் நீங்கள், புள்ளி போடுகிறவரும் நீங்கள், அந்தரங்கம் கேட்கிறவரும் நீங்கள் என்றால் பிள்ளைக்குக் கஷ்டம். உங்கள் வகுப்புப் பிள்ளைகளை நீங்களே எடுக்க வேண்டாம், வேறு வகுப்புகளை எடுங்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று ஒரு பிள்ளைக்கும் முழு வாக்குக் கொடுக்க வேண்டாம். வீட்டில் அடி, அதைவிட மோசமானது என்று ஏதாவது வெளியே வந்தால் 1929க்கு, சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கு, சொல்லித்தான் ஆக வேண்டும், அதை முதல் நாளே பிள்ளைக்கு விளங்கச் சொல்லிவிட வேண்டும். உங்களால் முடியாதது வந்தால் அனுப்புகிற இடமும் முதலே தெரிந்திருக்க வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு பொரளை லேடி ரிட்ஜ்வே வைத்தியசாலை, பெரியவர்களுக்கு அங்கொடை தேசிய மனநல நிறுவகம், இரவில் அவசரம் என்றால் மனநல உதவித் தொலைபேசி இலக்கம் 1926. படிப்பு எதுவாக இருந்தாலும் இந்த நாலையும் ஒரு கடதாசியில் எழுதி மேசைக்குள் வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு அதைச் சொல்ல அன்றைக்கு யாரும் இருக்கவில்லை.

இரவு விளக்கு:

ஹட்டன் பனி சொல்வதில் எனக்கு உடன்பாடுதான், ஒரு இடத்தைத் தவிர. வீடியோவும் தெரிவு விடைப் பரீட்சையும் மட்டும் உள்ள சான்றிதழையும், மேற்பார்வையோடு நடக்கிற பட்டப்பின் படிப்பையும் ஒரே தராசில் வைக்க வேண்டாம். எங்களுக்குப் பரீட்சையே இல்லை, எல்லாம் எழுத்தும் பதிவு செய்த உரையாடலும். மூன்று பேராகப் பிரித்துவிடுவார்கள், ஒருவர் பேச, ஒருவர் கேட்க, ஒருவர் பார்த்துக் குறிப்பெடுப்பார். அதில் ஒரு தடவை நான் கேட்பவளாக இருந்தேன், பதினைந்து நிமிடத்தில் பதினொரு கேள்வி கேட்டிருக்கிறேன், குறிப்பெடுத்தவர் எண்ணிக் காட்டினார். அதுவரை நான் நன்றாகக் கேட்கிறேன் என்றுதான் நினைத்திருந்தேன். ஆகவே டீச்சர், பாடத்திட்டத்தைப் பார்க்கும்போது தலைப்புகளைப் பார்க்க வேண்டாம், அவற்றை எல்லா இடத்திலும் அழகாகத்தான் எழுதுகிறார்கள். என்னுடைய கேட்கும் விதத்தை யார், எத்தனை தடவை, எப்படிப் பார்த்துத் திருத்துவார்கள் என்று கேளுங்கள். இங்கிலாந்தின் உளவளத்துணைச் சங்கத்தின் தகுதி அங்கீகாரம் பெற்று வேலை செய்கிறவர்கள், எத்தனை வருட அனுபவம் இருந்தாலும், மாதம் குறைந்தது ஒன்றரை மணித்தியாலம் மேற்பார்வையில் இருக்க வேண்டும் என்பது விதி. அனுபவசாலிக்கே அப்படி என்றால், படிக்கிறவருக்கு அதை விடக் குறைவாகத் தருகிற படிப்பை விட்டுவிடுங்கள்.

கடலோரம்:

எல்லோருக்கும் நன்றி. அன்ரி எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், "ம்" பற்றிய இடத்தில் அம்மாவும் "ம்" என்றார்.

அவுஸ்திரேலியப் படிப்பை விட்டுவிட்டேன், எனக்குப் பதிவும் இல்லை, நேரமும் பாடசாலையோடு இடிக்கிறது. இந்தியாவும் இல்லை, மருதமுனையான் சொல்லியிராவிட்டால் அடுத்த மாதம் முற்பணம் கட்டியிருப்பேன், முகவர் ஒருவர் தினமும் போன் எடுக்கிறார். அதிபரிடம் இன்றைக்குக் கதைத்தேன். ஆலோசனை வழிகாட்டல் பொறுப்பு இரண்டு வருடமாக வெற்றிடம் என்று அவரே சொன்னார், எழுத்தில் தரச் சொன்னார், ஒரு சின்ன அறையும் இருக்கிறது, பழைய விளையாட்டுச் சாமான் போட்டு வைத்திருக்கும் அறை, யன்னல் உண்டு. இந்தத் தவணை முடிய அதைத் துப்புரவாக்கலாம்.

படிப்பை அடுத்த வருடம் செப்டெம்பரில் தொடங்க யோசனை, அதற்கிடையில் தொண்டர் பயிற்சிக்கு விண்ணப்பிக்கிறேன். இங்கிலாந்துப் பல்கலைக்கழகத்துக்கு இன்றிரவு மெயில் எழுதுகிறேன். தவணைக் கட்டணம், நிறுத்தி வைக்கும் விதி, மேற்பார்வை எத்தனை மணித்தியாலம். வேறு என்ன கேட்க வேண்டும்?

இரவு விளக்கு:

உரையாடலைத் தமிழில் பதிவு செய்து தரலாமா, தமிழ் தெரிந்த மேற்பார்வையாளர் ஒருவரை இங்கேயே நீங்கள் தேடிக்கொண்டால் அவருடைய மணித்தியாலத்தைக் கணக்கில் எடுப்பார்களா என்று கேளுங்கள், பதிலை மெயிலிலேயே வாங்குங்கள். சரி என்று சொன்னால் எனக்குத் தனிச்செய்தி போடுங்கள், எனக்கு மேற்பார்வை செய்த அக்காவிடம் கேட்டுச் சொல்கிறேன். அவர் ஒரே நேரத்தில் மூன்று பேருக்கு மேல் எடுப்பதில்லை, இப்போது இரண்டு பேர்தான் இருக்கிறார்கள்.